நோய்க்கு இட்ட பெயர்கள்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றப்பெற்ற பொழிவின் எழுத்து வடிவம்)



பத்து ஆண்டுகளாகக் கவிதையையே பேசிவரும் ஓர் அவையில் நோயைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்னும் ஐயம் சிலர்க்கு எழலாம். நோய் மருத்துவர்க்கு உரிய பொருள். சொல் புலவர்க்கு உரிய பொருள் என்று பிரித்துப் பார்ப்பது நம் காலத்து வழக்கம். ஆயினும் நோயுற்ற ஒருவர் மருத்துவரிடம் செல்லுமுன் சொல்லிடம் செல்கிறார். தமக்கு நேர்ந்தது இன்னது என்று வீட்டாரிடம் கூற ஒரு பெயரைத் தேடுகிறார். அப்பெயர் அவர் பிறந்த மொழியில், அவர் வாழும் பண்பாட்டில் முன்னரே ஆயத்தமாக இருக்கிறது. அது அவரை அரவணைக்கும் பெயராகவும் இருக்கலாம்; ஊரை விட்டு விலக்கும் பெயராகவும் இருக்கலாம். உலகின் சில பண்பாடுகள் நோய்க்கு இட்ட பெயர்களையும், அப்பெயர்கள் செய்த நன்மை தீமைகளையும் எடுத்துக்காட்டுவதே இப்பொழிவின் நோக்கம்.

சொல்லும் பொருளும்

தமிழில் நோய் என்னும் சொல் நோ என்னும் வேரிலிருந்து பிறந்தது. நோவு, நோதல் ஆகியன அதன் உடன்பிறப்புகள். துன்பத்தை உணர்தலே இச்சொல்லின் அடிப்படை. எனவேதான் சங்க அகப்பாடல்களில் காதலின் துயரும் நோய் எனவே வழங்குகிறது. பிணி என்பது வேறொரு படிமம். பிணித்தல் என்றால் கட்டுதல். மனிதரைக் கட்டிப்போடுவது பிணி. உடல்நிறைவைக் குறிக்கும் நலம் என்னும் சொல்லோ இன்னும் விரிந்தது. பழந்தமிழில் நலம் என்பது அழகு, நன்மையும் அதுவே. பிரிவால் தலைவி இழப்பது தன் நலத்தை. இன்று தெருவில் எதிர்ப்படுவோரை நலமா என்று கேட்கும்போது, அழகும் அறமும் உடல்நிலையும் ஒன்றாயிருந்த ஒரு பழஞ்சொல்லையே அறியாமல் வழங்குகிறோம்.

மருத்துவரும் மானிடவியலாளருமான ஆர்தர் கிளைன்மன் என்னும் அமெரிக்க அறிஞர், தைவானிலும் சீனத்திலும் ஆய்வு செய்து ஒரு வேறுபாட்டை வலியுறுத்தினார். மருத்துவர் தம் அறிவால் உடலில் காண்பது ஒன்று. நோயாளியும் அவர் குடும்பமும் பட்டு அறிவது மற்றொன்று. முன்னதை நோய் என்றும் பின்னதை நோவு என்றும் தமிழில் பிரித்துக்கொள்ளலாம். நோய் நீங்கியும் நோவு நீங்காதவர் உண்டு. நோய் தீராத நிலையிலும் நோவு தணிந்தவர் உண்டு. பண்பாடு தொழிற்படும் இடம் பெரும்பாலும் நோவின் களமே.

வெறியாட்டுக் களம்

இவ்வேறுபாட்டைச் சங்கப் புலவர்கள் நன்கு அறிந்திருந்தனர். மகளின் மேனி மெலிகிறது, நிறம் மாறுகிறது, உணவு கொள்ளவில்லை. தாய் கலங்குகிறாள். கட்டுவிச்சி முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி பார்க்கிறாள். வேலன் கழங்கு பார்க்கிறான். முருகனால் நேர்ந்தது என்று முடிவு கூறப்படுகிறது. களம் அமைக்கப்படுகிறது, மறி பலியிடப்படுகிறது. நோய் இன்னது என்று தலைவிக்குத் தெரியும், தோழிக்குத் தெரியும். தாய்க்குத் தெரியாது. ஒரே வீட்டில், ஒரே உடலைக் குறித்து, இரண்டு நோய்க்கணிப்புகள்.

அகநானூற்றின் 22ஆம் பாட்டைப் பாடியவர் வெறிபாடிய காமக்கண்ணியார். வெறியாட்டைப் பாடியதனாலேயே பெயர் பெற்ற பெண்பாற் புலவர் அவர். வெறியாடிய அன்றிரவே காவலைக் கடந்து தலைவன் வந்து தழுவ, தலைவியின் நோய் தீர்கிறது. வேலனால் தீர்ந்தது என்று வீட்டார் மகிழ்வதை எண்ணித் தலைவி தன்னுள் நகைத்துக்கொள்கிறாள். நற்றிணையின் 34ஆம் பாட்டிலோ தோழி முருகனையே முன்னிறுத்தி, நோயின் காரணம் தான் அன்று என்று அறிந்தும் வேலன் அழைக்க வந்து நின்ற தெய்வத்தின் பேதைமையை எள்ளுகிறாள்.

இப்பாடல்களைப் பகுத்தறிவின் வெற்றி என்று மட்டும் படிப்பது குறைவான படிப்பு. வெறியாட்டு எள்ளப்படுகிறது; தாய் எள்ளப்படுவதில்லை. மகளின் வாட்டத்தைக் கண்டு வாளாவிருக்க இயலாத தாய், தன் பண்பாடு தன் கையில் கொடுத்த ஒரே கருவியைப் பயன்படுத்துகிறாள். நோயின் காரணத்தில் அவள் பிழைபட்டாள். நோவைக் கண்டுகொண்டதில் பிழைபடவில்லை. வெறியாட்டு நிகழவிருக்கும் நெருக்கடியே தோழியை அறத்தொடு நிற்கச் செய்து, மறைந்திருந்த உண்மை வெளிப்படவும் வழியாகிறது. தவறான கணிப்பும் சரியான பேச்சுக்கு வாயில் திறக்கலாம் என்பதைப் புலவர்கள் கண்டிருக்கின்றனர்.

புறநானூற்றின் 281ஆம் பாட்டில் அரிசில்கிழார் காட்டும் வீடும் இங்கு எண்ணத்தக்கது. போரில் புண்பட்ட வீரனின் மனையில் வேம்பும் இரவமும் செருகப்படுகின்றன. யாழும் பிற இசைக்கருவிகளும் ஒலிக்கின்றன. வெண்சிறுகடுகு தூவப்படுகிறது, மணி அடிக்கப்படுகிறது, காஞ்சி பாடப்படுகிறது, நறும்புகை எழுகிறது. இத்தனையும் ஒருவனைத் தனியே விடாமலிருக்க ஒரு வீடு செய்யும் ஏற்பாடு.

தாயின் பெயரால் ஒரு நோய்

நோய்க்குத் தமிழ் இட்ட பெயர்களுள் மிக வியப்பானது அம்மை. வேறுபட்ட கிருமிகளால் வரும் பெரியம்மை, சின்னம்மை, தட்டம்மை ஆகிய மூன்றையும் நாட்டு வழக்கு ஒரே தாயின் வருகையாகக் கண்டது. பெரியம்மையின் கொடிய வகை தாக்கியவருள் ஏறத்தாழ பத்தில் மூவரைக் கொன்றது. பிழைத்தவர் பலருக்குத் தழும்பும், சிலர்க்குக் கண்பார்வை இழப்பும் தந்தது. அத்தகைய கொலைநோயைத் தமிழர் அம்மா வந்திருக்கிறாள் என்றனர். கொப்புளத்தை முத்து என்றனர். நோய் நீங்குவதை இறங்குதல் என்றும், குளிப்பாட்டுவதைத் தலைக்கு ஊற்றுதல் என்றும் வழங்கினர்.

வாயிலில் வேப்பிலை செருகப்பட்ட வீட்டிற்குள் அயலார் நுழைவதில்லை. அவ்வீட்டில் தாளிப்பதில்லை. நோயாளிக்கு இளநீரும் கூழும் தரப்படும். உடல் வேப்பங்கொழுந்தால் வருடப்படும். கடுஞ்சொல் கூடாது, வீட்டார் நோன்பு காப்பர். நோயாளி அன்று தீண்டத்தகாதவர் அல்லர். தாய் தங்கியிருக்கும் உடலை உடையவர். பெரியம்மை தொற்றியபின் அதனைத் தீர்க்கும் மருந்து அக்காலத்தில் எந்த மருத்துவ முறையிடமும் இருந்ததில்லை. நல்ல பராமரிப்பே எங்கும் செய்யக்கூடியதாக இருந்தது. அந்தப் பராமரிப்பை வழிபாடாக்கிக் கட்டாயப்படுத்தியது அம்மை என்னும் பெயர்.

வட இந்தியாவில் இத்தாய் சீதளை. குளிர்ந்தவள் என்பது அப்பெயரின் பொருள். கழுதை மீது, துடைப்பமும் குடமும் ஏந்தி வருபவள். அனலாய் எரிக்கும் காய்ச்சலுக்கு உரியவளைக் குளிர்ந்தவள் என்று அழைத்தல் அவளைக் குளிர்விக்கும் முறை. ஈழத்தின் மட்டக்களப்புப் பகுதியில் வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு இன்றும் நிகழ்கிறது. மதுரையை எரித்தவளின் வெம்மையைத் தணித்தால் அம்மையும் வெப்புநோயும் தணியும் என்பது அம்மக்களின் நம்பிக்கை.

கடல் கடந்து மேற்கு ஆப்பிரிக்காவிற்குச் செல்வோம். யொருபா மக்கள் பெரியம்மைக்கு உரிய தெய்வத்தின் இயற்பெயரை வாய்விட்டுச் சொல்ல அஞ்சினர். சூடான நிலம் என்னும் பொருள்படும் மாற்றுப் பெயரால் குறித்தனர். அடிமைக் கப்பல்களில் அத்தெய்வமும் பிரேசில் நாட்டின் பாகியா மாநிலத்திற்குச் சென்றது. அங்கே அதற்கு ஒமொலு, ஒபலுவாயே என்று பெயர். தழும்புற்ற உடலை வைக்கோல் அங்கி முழுவதும் மறைத்திருக்கும். அதற்குப் படைக்கப்படுவது சோளப்பொரி. அப்பொரியைக் கிழவரின் மலர்கள் என்பர். கொப்புளத்தில் தமிழர் முத்தைக் கண்டனர். ஆப்பிரிக்க வழியினர் மலரைக் கண்டனர். ஒருவரையொருவர் அறியாத இரு மக்கள், அருவருப்பின் இடத்தில் அழகை வைத்து நோயாளியின் முகத்தை மீண்டும் நோக்கத்தக்கதாக ஆக்கியுள்ளனர். அது கவிஞர் செய்யும் செயல்.

பெயரின் மறுபக்கம்

இவ்வளவில் நிறுத்திக்கொண்டால் அது பழம்பெருமை பேசுதலாய் முடியும். தாய் என்ற பெயருக்கு ஒரு விலையும் இருந்தது. தாய் விரும்பி வந்தாள் எனில் அவளைத் தடுத்தல் குற்றமாகும். அதனால் அம்மைக் குத்தலை மறுத்தவர்கள் பலர். அவர்தம் குழந்தைகள் பலர் இறந்தனர்.

தடுப்புமுறையும் ஒரே பண்பாட்டின் கொடை அன்று. அம்மைப் பாலை எடுத்து நலமுள்ளவர்க்கு இட்டு மெல்லிய நோயை உண்டாக்கும் பழைய முறை சீனத்திலும் வங்காளத்திலும் துருக்கியிலும் ஆப்பிரிக்காவிலும் வழங்கியது. துருக்கியில் அதனைக் கண்ட மேரி மான்டேகு சீமாட்டி 1721இல் இலண்டனில் தம் மகளுக்கு அதனைச் செய்வித்தார். அதே ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் அம்முறை கையாளப்பட்டதற்குக் காரணமானவர் ஒனேசிமஸ் என்னும் ஆப்பிரிக்க அடிமை. தம் நாட்டில் தமக்குச் செய்யப்பட்டதை அவர் தம் உடைமையாளரான காட்டன் மேதர் என்னும் பாதிரியாருக்கு விளக்கியிருந்தார். 1796இல் எட்வர்டு ஜென்னர் மாட்டம்மைப் பாலைக் கொண்டு தீங்கு குறைந்த முறையைக் கண்டார். அது 1802இல் இந்தியாவிற்கு வந்தது. 1970களில் இந்தியாவில் வீடுவீடாகச் சென்று, அம்மை கண்ட குழந்தையின் படத்தைக் காட்டி, நோயுற்றவர் உளரா என்று பணியாளர்கள் தேடினர். இயற்கையாய்ப் பரவிய கடைசிப் பெரியம்மை 1977இல் சோமாலியாவில் கண்டறியப்பட்டது. 1980 மே 8 அன்று பெரியம்மை உலகை விட்டு ஒழிந்தது என்று உலக நல மன்றம் அறிவித்தது.

ஒழித்தது தடுப்பு மருந்து; வேப்பிலை அன்று. இதனை ஐயமின்றிச் சொல்ல வேண்டும். தட்டம்மையை இன்றும் தாயின் வருகை என்று மறைத்து, குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாதிருத்தல் தாய்க்கும் செய்யும் பிழை. சேய்க்கும் செய்யும் பிழை. அதே வேளையில், அம்மை கண்டவரை வீட்டினுள் மதிப்போடு வைத்துப் பேணிய அந்தக் கண்ணோட்டத்தை, அம்மையோடு சேர்த்து ஒழித்துவிட வேண்டுவதில்லை.

விளக்கம் பழியாக மாறும் இடமும் உண்டு. சிலப்பதிகாரத்தின் உரைபெறு கட்டுரை, கண்ணகியின் சினத்திற்குப் பின் பாண்டிய நாட்டில் மழையின்றி வறுமையும் வெப்புநோயும் கொப்புள நோயும் தொடர்ந்தன என்கிறது. அவற்றைத் தணிக்கக் கொற்கையிலிருந்து ஆண்ட வெற்றிவேற்செழியன் ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான் என்கிறது. ஒரு பொற்கொல்லன் செய்த வஞ்சத்திற்கு ஆயிரவர் பலி. நோய்க்குக் காரணம் தேடுவோர் குற்றவாளியைத் தேடத் தொடங்கினால் நேர்வது இதுவே. 1349இல் ஐரோப்பாவில் கொள்ளைநோய் பரவியபோது, கிணறுகளில் நஞ்சு கலந்ததாகப் பழி சுமத்தி ஸ்ட்ராஸ்பர்க் நகரில் யூதர் பலரை எரித்தனர். 2020 ஏப்ரலில் பெருந்தொற்றால் இறந்த மருத்துவர் ஒருவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் சென்னையில் ஒரு கூட்டம் தாக்கியது. கிருமியைப் பற்றிய அறிவு வளர்ந்த நூற்றாண்டிலும் அச்சம் பழைய வழியையே நாடியது.

பாடுவோரே மருத்துவர்

அமெரிக்காவின் தென்மேற்கில் வாழும் நவஹோ மக்களின் மொழியில் மரபு மருத்துவரைக் குறிக்கும் சொல்லின் பொருள் பாடகர் என்பது. அவர்கள்தம் மருத்துவச் சடங்கு ஒவ்வொன்றும் ஒரு நெடும்பாடல் தொகுதி. சில சடங்குகள் ஒன்பது இரவுகள் நீள்வன. பாடகர் அத்தனை பாடல்களையும் மனப்பாடமாகக் கொண்டிருக்க வேண்டும். பயிற்சிக்குப் பல ஆண்டுகள் ஆகும். வண்ண மணலால் தரையில் தெய்வ உருவங்களை வரைந்து, அவ்வோவியத்தின் மேல் நோயாளியை அமர்த்துவர். பாடல் முடிந்ததும் ஓவியம் அழிக்கப்படும். காட்சிக்கு வைப்பதற்காக அது வரையப்படுவதில்லை. ஒருவரைத் தேற்றுவதோடு அதன் பணி முடிகிறது.

அம்மக்கள் நாடும் நிலைக்கு ஹோஜோ என்று பெயர். அழகு, ஒழுங்கு, இசைவு, உடல்நிறைவு ஆகிய அனைத்தும் அவ்வொரு சொல்லில் அடங்கும். பழந்தமிழின் நலம் என்னும் சொல் இங்கு நினைவுக்கு வருதல் இயல்பு. இரண்டாம் உலகப் போரிலிருந்து திரும்பிய நவஹோ வீரர்களுக்கு, பகைவரைக் கொன்றதால் நேர்ந்த கலக்கம் நீங்கவென்றே ஒரு சடங்கு செய்யப்பட்டது. ஒருவருடைய நோவுக்காக உற்றாரும் ஊராரும் கூடி இரவெல்லாம் விழித்திருந்தனர். அண்டை இனமாகிய லகூனா மக்களைச் சேர்ந்த லெஸ்லி மார்மன் சில்கோ 1977இல் வெளியிட்ட சடங்கு என்னும் நாவல், போரினின்று மீண்ட ஓர் இளைஞன் இவ்வாறு தேறிவரும் கதையே.

பனாமா நாட்டுக் குனா மக்களிடையே மகப்பேறு தடைப்பட்டால் பாடுவதற்கென ஒரு நெடும்பாட்டு உண்டு. பாடுபவர் தாயைத் தொடுவதில்லை, மருந்தும் கொடுப்பதில்லை. கருப்பையின் ஆற்றலாகிய மூ என்பவளின் இருப்பிடத்திற்குத் துணைத்தெய்வங்கள் வழிதேடிச் சென்று, பறிபோன உயிர்நிலையை மீட்டு வருவதைப் பாட்டு விரிக்கிறது. இதனை ஆராய்ந்த லெவி ஸ்ட்ராஸ், சொல்லவியலாத வலிக்குப் பாட்டு ஒரு மொழியைத் தருகிறது; அம்மொழி கிடைத்ததும் உடல் இசைகிறது என்று 1949இல் எழுதினார். பின்வந்தோர் தடை எழுப்பினர். பாட்டின் மொழி அன்றாட வழக்கினின்று வேறுபட்டது. துடிக்கும் பெண்ணுக்கு அது விளங்குமா என்பது அவர்தம் வினா. நல்ல வினாவே. பொருள் முழுதும் விளங்காத போதும், தன் பொருட்டு ஒருவர் அருகமர்ந்து இடைவிடாது பாடிக்கொண்டிருக்கிறார் என்பது அவளுக்கு விளங்கியிருக்கும். தாலாட்டின் பொருள் குழந்தைக்கு விளங்குவதில்லை, குழந்தை உறங்குகிறது.

இரு மொழிகளுக்கு இடையே

பண்பாடுகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் மொழிபெயர்ப்பாளர் தேவைப்படுகிறார். 1950களில் நவஹோ மக்களிடையே காசநோய் பரவியிருந்தது. கிருமி என்னும் கருத்திற்கு அவர்கள் மொழியில் சொல் இல்லை. பழங்குடி அவையில் உறுப்பினராயிருந்த ஆனி வானிகா என்னும் அம்மையார் மருத்துவமனைகளில் தங்கி நோயைக் கற்றார். பின்னர் வீடுவீடாகச் சென்று தம் மொழியில் விளக்கினார். மரபுப் பாடகர்களைப் பழிக்காமல் அவர்களையும் உடன் சேர்த்துக்கொண்டார். ஆங்கில மருத்துவச் சொற்களுக்கு நவஹோ விளக்கம் தரும் அகராதி ஒன்று உருவாகவும் அவர் காரணமாயிருந்தார். 1963இல் அமெரிக்க நாட்டின் மிக உயர்ந்த குடிமக்கள் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

1993இல் அதே நிலப்பகுதியில் நலமாயிருந்த இளைஞர்கள் மூச்சுத் திணறி இறந்தனர். செய்தித்தாள்கள் சில அதனை நவஹோ காய்ச்சல் என்று எழுத, அம்மக்கள் விடுதிகளிலும் பள்ளிகளிலும் விலக்கப்பட்டனர். மழை மிகுந்து பின்யோன் கொட்டை பெருகும் ஆண்டில் எலி பெருகும். எலி வீட்டுள் புகுந்தால் நோய் வரும் என்று நவஹோ முதியோர் கூறினர். அறிவியலார் ஆராய்ந்து எலி பரப்பும் வைரஸ் என்பதை உறுதி செய்தனர். அவ்வைரஸுக்கு இடப்பெயர்களைச் சூட்ட முயன்றபோது அங்குள்ள மக்கள் மறுத்தனர். இறுதியில் அதற்கு ஸ்பானிய மொழியில் பெயரற்றது என்னும் பொருள்பட, சின் நோம்ப்ரே என்று பெயரிட்டனர். ஒரு மக்களைப் பழியினின்று காக்க நோய் தன் பெயரையே இழந்தது. புதிய நோய்களுக்கு ஊர், மக்கள், விலங்கு ஆகியவற்றின் பெயர்களை இடலாகாது என்று உலக நல மன்றம் 2015இல் நெறிமுறை வகுத்தது.

தமிழிலும் அத்தகைய ஒரு மொழிபெயர்ப்பாளர் இருந்தார். அமெரிக்காவிலிருந்து கிறித்தவ சமயப் பணிக்காக 1847இல் யாழ்ப்பாணத்திற்கு வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மருத்துவமனையோடு மருத்துவக் கல்வியும் நடத்தினார். 1860களில் மேலைமருத்துவத்தைத் தமிழிலேயே கற்பிக்கத் தொடங்கினார். அங்காதிபாதம், இரணவைத்தியம், கெமிஸ்தம் முதலான நூல்கள் அவர் முயற்சியால் தமிழில் வந்தன. உள்ளூர் வைத்தியத்தை அவர் உயர்வாக எண்ணியவர் அல்லர். மக்கள்தம் மொழியை உயர்வாக எண்ணினார். அவர் நாடு திரும்பியபின் அம்முயற்சி நிலைபெறவில்லை. தம் வலியைத் தமிழில் கூறும் நோயாளிக்கு, அவர் படிக்கவியலாத ஆங்கிலத்தில் விளக்கச் சீட்டு எழுதித் தரப்படும் நிலை இன்றும் தொடர்கிறது.

கவிஞர்க்கு ஒரு சொல்

இனி இவ்வவையினர்க்கு நேரே உரிய செய்தி. சூசன் சொன்டாக் என்னும் அமெரிக்க எழுத்தாளர் தாம் புற்றுநோயுற்று மருத்துவம் பெற்றபின், நோய் உருவகமாதல் என்பதைப் பற்றி 1978இல் ஒரு நூல் எழுதினார். நோயை உருவகமாக்குதல் நோயாளியைக் கொல்லும். உருவகங்களைக் களைந்துவிட்டு நோயை நோயாகவே காண வேண்டும் என்பது அவர் வாதம். காசநோயை மெல்லுணர்வின் அடையாளமாகவும், புற்றுநோயை அடக்கப்பட்ட உணர்ச்சியின் விளைவாகவும் ஐரோப்பிய இலக்கியம் சித்திரித்தது. நோயுற்றவர் நோயோடு அப்பழியையும் சுமந்தார்.

நம் கவிதை இதில் குற்றமற்றதா? சாதியைத் தொழுநோய் என்று பாடாத மேடை குறைவு. ஊழலைப் புற்று என்றும், அறியாமையைக் குருடு என்றும், கேளாமையைச் செவிடு என்றும் பாடியோர் பலர். அக்கவிதையைக் கேட்கும் அவையின் கடைசி வரிசையில் தொழுநோய் தீர்ந்த ஒருவர் அமர்ந்திருந்தால் அவர் கேட்பது என்ன? தொழுநோயின் கிருமியை 1873இல் நார்வே நாட்டு மருத்துவர் ஹான்சன் கண்டார். 1980களிலிருந்து கூட்டு மருந்துகளால் அது முற்றிலும் குணமாகிறது. எனினும் 1898இல் இயற்றப்பட்ட தொழுநோயாளர் சட்டம் இந்தியாவில் 2016இல்தான் நீக்கப்பட்டது. தொழுநோயை மணமுறிவுக்குக் காரணமாகக் காட்டும் விதி 2019இல்தான் நீங்கியது. மருந்து வந்தபின் சட்டம் மாற ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. சட்டம் மாறியபின்னும் கவிதையின் உவமை மாறவில்லை. அநீதியைக் கடிய நினைத்த கவிஞர், கடியப்படத்தகாத ஒருவரைக் கருவியாக்கிக் கொள்கிறார். உவமை அநீதியைச் சேர்வதில்லை, நோயுற்றவரையே சேர்கிறது.

சொன்டாக் கூறுவதை முழுதும் ஏற்க வேண்டுமா என்பது வேறு வினா. உருவகம் எல்லாவற்றையும் களைய வேண்டுமெனில் முத்தையும் மலரையும் களைய வேண்டும். நவஹோ பாடகரின் பாட்டையும் நிறுத்த வேண்டும். உருவகம் பேசும் திசையே இங்கு வேறுபாடு. முத்து என்னும் உருவகம் நோயாளியை நோக்கிச் சொல்லப்பட்டது, அவருக்காகச் சொல்லப்பட்டது. சமுதாயத் தொழுநோய் என்னும் உருவகம் நோயாளியின் தலைக்கு மேலே, வேறு எவரையோ நோக்கி வீசப்பட்டது. முன்னது துணை, பின்னது கல். நோயைப் பாட எடுக்கும் கவிஞர், நோயுற்றவர் முன்னிலையில் இவ்வரியைப் படிக்க இயலுமா என்று ஒருமுறை தம்மைக் கேட்டுக்கொண்டால் போதும்.

நிறைவாக

மருத்துவத்தின் உறுப்புகள் நான்கு என்பது பாரத நாட்டின் பழைய கொள்கை. சரகர் தம் நூலில் மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர், நோயாளி என்னும் முறையில் அவற்றை அடுக்குகிறார். வள்ளுவரும் மருந்து அதிகாரத்தின் இறுதிக் குறளில் நான்கையே கூறுகிறார். ஆயினும் அவர்தம் வரிசை நோயாளியிடம் தொடங்குகிறது. மருத்துவரும் மருந்தும் இடையில் நிற்க, உடனிருந்து பார்ப்பவரிடம் முடிகிறது. யாப்பின் தேவையால் அமைந்ததாகவும் இருக்கலாம். என்றாலும் நோயாளியை முதலிலும் அவருக்குத் துணையாயிருப்பவரை முடிவிலும் நிறுத்திய அவ்வமைப்பு, இதுவரை கண்ட செய்திகளுக்கெல்லாம் பொருந்துகிறது. மகளுக்காக வேலனை அழைத்த தாய், புண்பட்டவன் மனையில் காஞ்சி பாடிய பெண்டிர், அம்மை வீட்டில் நோன்பிருந்தோர், ஒன்பது இரவு விழித்திருந்த நவஹோ சுற்றம் ஆகிய அனைவரும் அந்த நான்காம் உறுப்பே.

பண்பாடுகள் நோயின் காரணத்தைக் கூறியதில் பலமுறை தவறின. அத்தவற்றைத் திருத்தும் உரிமை அறிவியலுக்கு உண்டு. அத்திருத்தத்தை ஏற்பதே அறிவுடைமை. நோயாளியின் அருகே யார் அமர்வது, அவரிடம் என்ன சொல்வது, அவருக்கு நேர்ந்ததை எப்பெயரால் அழைப்பது ஆகிய வினாக்களுக்கு ஆய்வுக்கூடம் விடை தருவதில்லை. அவ்விடையைப் பண்பாடு தருகிறது. பண்பாட்டின் சொற்களைப் புலவர் தருகின்றனர்.

இவ்வட்டத்தின் கவிஞர்கள் இனிவரும் ஆண்டுகளில் எழுதும் கவிதைகளில் நோயின் பெயர்கள் வசைச்சொல்லாய் வாராதிருக்க வேண்டும் என்பதும், மருத்துவமனையில் தமிழ் பேசும் நோயாளிக்குத் தமிழில் விளக்கம் கிடைக்கத் தமிழறிந்தோர் மருத்துவரோடு சேர்ந்து உழைக்க வேண்டும் என்பதும் இப்பொழிவின் இரு வேண்டுகோள்கள். முதலாவது இன்றே தொடங்கத்தக்கது. இரண்டாவதற்கு மானிப்பாயில் ஒருவர் ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்னரே வழி காட்டியிருக்கிறார்.